பாதியில் நின்றால்? மென்பொருள் கேள்வி – பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ‘நேற்றுவரை நன்றாகத்தான் ஓடியது’ என்று ஆரம்பிக்கின்றன. என் பதில்களும் கிட்டத்தட்ட ‘பாதியில் நின்றால் என்ன ஆகும்’ என்ற ஒரே இடத்தில் போய் நிற்கின்றன என்பதை எழுதி முடித்த பிறகுதான் கவனித்தேன். பொறுத்துக்கொள்ளுங்கள். இருபது வருடமாக சர்வர்களைக் கட்டி மேய்ப்பவளுக்கு வேறு கவலை வராது.

கே: அக்கா, எங்கள் தளத்தில் கட்டணம் செலுத்தும் பக்கம் இருக்கிறது. சிலருக்கு மட்டும் பணம் இரண்டு முறை போய்விடுகிறது. பட்டனை ஒருமுறை அழுத்தியதும் அதை மங்கலாக்கிவிடுகிறோம். மறுபடி அழுத்தவே முடியாது. ஆனாலும் மாதத்துக்கு நாலைந்து புகார் வருகிறது. எங்கே தப்பு?
- இரண்டு வருட அனுபவமுள்ள டெவலப்பர்

ப: பட்டன் மேல் தப்பில்லை தம்பி. இரண்டாவது முறை அனுப்புவது மனிதரே இல்லை. போனில் இருக்கும் ஆப், நடுவில் கோரிக்கைகளை வாங்கிக் கைமாற்றும் ப்ராக்ஸி, உங்கள் கோடிலேயே யாரோ நல்லெண்ணத்தில் எழுதிவைத்த ரீட்ரை (தோற்றால் தானாக மறுபடி அனுப்புவது), இவற்றில் ஏதோ ஒன்று.

ஒரு கோரிக்கை அனுப்பினோம், பதில் வரவில்லை என்றால் நடந்தது மூன்றில் ஒன்று. கோரிக்கை சர்வருக்குப் போய்ச் சேரவேயில்லை. அல்லது போய்ச் சேர்ந்து, வேலை பாதியில் நின்றுவிட்டது. அல்லது வேலை முழுசாக முடிந்து, பதில் மட்டும் வழியில் தொலைந்துவிட்டது. அனுப்பியவர் பக்கத்திலிருந்து பார்த்தால் மூன்றும் ஒரே மாதிரிதான் தெரியும்: டைம்அவுட், அதாவது காத்திருக்கும் நேரம் தீர்ந்தது. மூன்றாவது நிலையில் மறுபடி அனுப்பினால் பணம் இரண்டு முறை போகும். முதல் நிலையில் மறுபடி அனுப்பாவிட்டால் பணம் போகவே போகாது. ஆக, அனுப்புவதைத் தடுத்துப் பயனில்லை. எத்தனை முறை அனுப்பினாலும் ஒருமுறை மட்டும் நடக்கும்படி செய்ய வேண்டும். இதற்கு ஐடெம்பொட்டன்சி என்று பல்லை உடைக்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் எச்டிடிபியின் விதிப்படி புட், டிலீட் என்ற கோரிக்கை வகைகள் இரண்டும் அப்படி நடந்துகொள்ள வேண்டியவை. போஸ்ட்டுக்கு அந்த உறுதி கிடையாது. கட்டணமோ பெரும்பாலும் போஸ்ட்டில்தான் போகிறது.

பணம் செலுத்தும் பக்கம் திறக்கும்போதே, பட்டனை அழுத்துவதற்கு முன்பே, பிரவுசரில் ஒரு தனித்த எண்ணை உருவாக்குங்கள். அது கோரிக்கையோடு போகட்டும். சர்வரில் ஒரு டேபிள் வைத்து, அந்த எண்ணுக்கு யூனிக் கட்டுப்பாடு, அதாவது ஒரே எண் இரண்டு முறை வரக் கூடாது என்ற விதி, போடுங்கள். கோரிக்கை வந்ததும் முதல் வேலை, அந்த எண்ணை அதில் எழுதுவது. எழுத முடிந்தால் புதுக் கோரிக்கை. ‘ஏற்கெனவே இருக்கிறது’ என்று டேபிள் மறுத்தால், முன்பு கொடுத்த பதிலையே எடுத்துத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான். எண் அதே, தொகை மட்டும் வேறு என்றால் தள்ளுபடி செய்யுங்கள். யாரோ விளையாடுகிறார்கள், அல்லது உங்கள் கோடில் பக் இருக்கிறது. கார்டு மறுக்கப்பட்டது என்று தெளிவாகப் பதில் வந்துவிட்டால், அடுத்த முயற்சிக்குப் புது எண்.

‘முதலில் தேடிப் பார்ப்போம், இல்லையென்றால் எழுதுவோம்’ என்று மட்டும் இரண்டு படியாகச் செய்யாதீர்கள். இரண்டு கோரிக்கைகள் சில மில்லிசெகண்ட் இடைவெளியில் வந்தால் இரண்டுமே தேடும், இரண்டுக்குமே ‘இல்லை’ என்று வரும், இரண்டுமே பணம் எடுக்கும்.

நான் முதன்முதலில் இதைச் செய்தபோது அந்த எண்ணை சர்வரில் உருவாக்கினேன். டெஸ்ட்டெல்லாம் பாஸ். ஆனால் ஒவ்வொரு ரீட்ரைக்கும் சர்வர் புத்தம் புது எண்ணைக் கொடுத்து, ஒவ்வொன்றையும் புதுக் கோரிக்கையாக வரவேற்றுக்கொண்டிருந்தது. பூட்டைப் போட்டுவிட்டு சாவியைப் பூட்டிலேயே தொங்கவிட்ட கதை. கண்டுபிடிக்க மூன்று வாரம் ஆனது. கண்டுபிடித்ததும் நானில்லை, கணக்குப் பார்க்கும் பெண்.

அப்புறம், பணத்தை உண்மையில் எடுப்பது உங்கள் டேட்டாபேஸ் இல்லை, வெளியே இருக்கும் பேமென்ட் கேட்வே, அதாவது வங்கியோடு பேசிப் பணத்தை எடுத்துத்தரும் சேவை. அதை உங்கள் டிரான்சாக்‌ஷனுக்குள், அதாவது ‘எல்லாம் நடக்கும், அல்லது எதுவும் நடக்காது’ என்ற ஒரே கட்டுக்குள், அடைக்க முடியாது. அதனால் கூப்பிடுவதற்கு முன் அந்த எண்ணுக்கு எதிரே ‘காத்திருக்கிறது’ என்று எழுதி கமிட் செய்யுங்கள், அதாவது நிலையாகப் பதிந்துவிடுங்கள். பிறகு கேட்வேயைக் கூப்பிடுங்கள். பதில் வந்ததும் ‘முடிந்தது’ என்று மாற்றுங்கள். நடுவில் சர்வர் செத்தால் ‘காத்திருக்கிறது’ என்ற வரி மிஞ்சும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை அப்படி மிஞ்சியவற்றைப் பொறுக்கி, ‘இது என்ன ஆச்சு?’ என்று கேட்வேயிடம் விசாரிக்கும் சின்ன புரோகிராம் ஒன்று ஓட வேண்டும். அதை எழுதாமல் விட்ட இடங்களில், ஒரு மனிதர் மாதாமாதம் எக்செல்லில் அதே வேலையைச் செய்துகொண்டிருப்பார்.

கே: நாங்கள் ஐந்து பேர். ஒரே பெரிய ஆப்பாக எழுதியிருக்கிறோம். புதிதாக வந்த ஆர்க்கிடெக்ட் பன்னிரண்டு மைக்ரோசர்வீஸாக, அதாவது தனித்தனியாக ஓடி நெட்வொர்க் வழியே பேசிக்கொள்ளும் சின்ன ஆப்களாக, பிரிக்கலாம் என்கிறார். பிரிக்கலாமா?
- ஒரு குழுத் தலைவர்

ப: வேண்டாம்.

இதோடு நிறுத்தினால் ஆசிரியர் கோபிப்பார் என்பதால் கொஞ்சம் விளக்கம். ஒரே புரோகிராமுக்குள் ஒரு ஃபங்ஷன் இன்னொன்றைக் கூப்பிட்டால், கூப்பிட்டது நடக்கும். இல்லையென்றால் எல்லாம் சேர்ந்து விழும். நடுவில் நெட்வொர்க் வந்துவிட்டால், மேலே தம்பிக்குச் சொன்ன மூன்று நிலையும் ஒவ்வொரு அழைப்புக்கும் வந்து ஒட்டிக்கொள்ளும். நெட்வொர்க் நம்பகமானது, தாமதம் பூஜ்யம் என்று நாம் மனசுக்குள் போட்டுவைக்கும் தப்புக் கணக்குகளை 1994இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் என்ற கணினி நிறுவனத்தில் இருந்த பீட்டர் டாய்ச் பட்டியல் போட்டார். அதில் ஒன்றுகூட இன்னும் காலாவதியாகவில்லை.

எண்களையும் பாருங்கள். ஒரு சர்வீஸ் 99.9 சதவீத நேரம் ஓடுகிறது என்றால் 30 நாள் மாதத்தில் சுமார் 43 நிமிடம் படுத்துவிடும். ஒரு கோரிக்கைக்கு இப்படி ஐந்து சர்வீஸ் வரிசையாகப் பதில் சொல்ல வேண்டும், ஒவ்வொன்றும் தனித்தனி நேரத்தில் படுக்கும் என்றால் மிஞ்சுவது சுமார் 99.5. அதாவது மாதத்துக்கு மூன்றரை மணி நேரத்துக்கு மேல்.

பிரிக்க வேண்டியது கோடை, சர்வரை இல்லை. எங்கே பிரிப்பது என்ற கேள்விக்கு, 1972இல் கணினி அறிஞர் டேவிட் பார்னஸ் சொன்னதைவிட நல்ல பதில் எனக்குக் கிடைக்கவில்லை: வேலை நடக்கும் வரிசைப்படி பிரிக்க வேண்டாம், பின்னால் மாறக்கூடிய ஒவ்வொரு முடிவையும் ஒரு மாட்யூலுக்குள், அதாவது கோடின் தனிப் பகுதிக்குள், ஒளித்து வைக்க வேண்டும். எங்கள் பழைய பில்லிங் கோடில் வரியைக் கணக்கிடும் விதம் பதினான்கு ஃபைல்களில் சிதறிக் கிடந்தது. விதி மாறியபோது பதின்மூன்றைத் திருத்தினோம். அதை ஒரே இடத்துக்குக் கொண்டுவர மைக்ரோசர்வீஸ் தேவைப்படவில்லை. ஒரு வார உழைப்பும், ‘இந்த ஃபோல்டருக்கு வெளியிலிருந்து யாரும் வரி டேபிளைத் தொடக் கூடாது’ என்று, கோடைத் தொகுத்து ஆப்பாக்கும் பில்டிலேயே தடுக்கும் ஒரு சோதனையும் போதுமாக இருந்தது.

ஒரு நிறுவனத்தில் ஆட்கள் எப்படிப் பேசிக்கொள்கிறார்களோ, அவர்கள் கட்டும் மென்பொருளும் அதே சாயலில்தான் அமையும் என்று கணினி அறிஞர் மெல்வின் கான்வே 1968இலேயே எழுதிவிட்டார். ஐந்து பேர் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசுகிறீர்கள். பன்னிரண்டு சர்வீஸ் எதற்கு? படங்களைச் சுருக்குவது போல வேறு ரக மெஷின் கேட்கும் வேலை ஏதாவது இருந்தால், அதை மட்டும், வேலைகளை வரிசையில் நிறுத்தும் ஒரு கியூ வைத்து வெளியே எடுங்கள். ஆர்க்கிடெக்ட்டிடம் நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

கே: சர்வர்லெஸ்ஸுக்கு (சர்வரை நாங்கள் பார்த்துக்கொள்ளாமல் கிளவுட் நிறுவனமே கோடை ஓட்டும் முறைக்கு) மாறினால் எவ்வளவு கூட்டம் வந்தாலும் தானாகப் பெருகிச் சமாளிக்கும் என்றார்கள். பதிவு தொடங்கிய பத்தாவது நிமிடம் டேட்டாபேஸ் ‘இணைப்புகள் தீர்ந்துவிட்டன’ என்று கைவிரித்துவிட்டது. எங்களை ஏமாற்றிவிட்டார்களா?
- பெயர் வேண்டாம் என்ற வாசகர்

ப: ஏமாற்றவில்லை. பெருகும் என்றார்கள், பெருகியது. பெருகாத ஒன்று அதன் பின்னால் நின்றது.

போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் ஒரே நேரத்தில் அனுமதிக்கும் இணைப்புகள், நீங்கள் கைவைக்காதவரை, 100. ஒவ்வொரு இணைப்புக்கும் அது தனி பிராசஸ் வைக்கிறது, நினைவகம் செலவாகிறது. அதனால் நூறை ஆயிரமாக்கி வேலை முடிந்தது என்று இருக்க முடியாது. லாம்டா போன்ற சர்வர்லெஸ் சேவைகளில் வழக்கமாக உங்கள் ஃபங்ஷனின் ஒரு பிரதி ஒரு நேரத்தில் ஒரு கோரிக்கையைத்தான் கவனிக்கும். 300 பேர் சேர்ந்து வந்தால் 300 பிரதி, ஆளுக்கு ஓர் இணைப்பு. நடுவில் பிஜிபவுன்சர் மாதிரி ஒரு பூலரை வையுங்கள். சில டஜன் இணைப்புகளை அது மாற்றி மாற்றிப் பகிர்ந்து கொடுக்கும். ஃபங்ஷன் பிரதிகளுக்கும் ஓர் உச்சவரம்பு போடுங்கள்.

நீங்கள் அனுப்பிய லாக்கில், அதாவது சர்வர் எழுதிவைக்கும் நடப்புக் குறிப்பில், இன்னொரு விஷயம் இருந்தது. ஒரே பயனர், ஒரே கோரிக்கை, இருபதுக்கு மேற்பட்ட முறை. பிரவுசர் மூன்று முறை முயல்கிறது, சர்வரில் கோரிக்கையை வாங்கும் ஏபிஐ மூன்று முறை, டேட்டாபேஸ் லைப்ரரி மூன்று முறை. பெருக்கிப் பாருங்கள்: ஒருவர் ஒருமுறை அழுத்தியதற்கு டேட்டாபேஸின் கதவில் 27 தட்டு. மூச்சு முட்டிக் கிடப்பவனை ஆளாளுக்கு உலுக்கினால் எப்படி எழுந்திருப்பான்? ரீட்ரை ஏதாவது ஓர் அடுக்கில் மட்டும் இருக்கட்டும். ஒவ்வொரு முறையும் காத்திருக்கும் நேரம் இரட்டிப்பாகட்டும். அதில் கொஞ்சம் தற்செயலையும் கலந்து, ஆளுக்கு ஆள் சற்று முன்பின்னாக்கிவிடுங்கள். இது முக்கியம், ஏனென்றால் ஒரே நொடியில் விழுந்தவர்கள் எல்லோரும் ஒரே நொடியில்தான் திரும்பி வருவார்கள். ஓர் இரவு கிராஃபில் அதை நேரிலேயே பார்த்தேன். ஒரு நொடி, இரண்டு, நான்கு, எட்டு என்று சீப்புப் பல் மாதிரி முள்முள்ளாக எழும்பியது, நடுவில் வெறுமை. தற்செயலைக் கலந்து டெப்ளாய் செய்ததும், அதாவது புது கோடை சர்வர்களில் ஏற்றியதும், முட்கள் கரைந்து ஒரு தாழ்ந்த மேடாகிவிட்டது. சர்வரை ஒன்றுகூடக் கூட்டவில்லை.

கே: டேபிளில் ‘ஃபோன்’ என்ற புலத்தை ‘மொபைல்’ என்று பெயர் மாற்றினோம். ஒரே ஒரு வரி. டெப்ளாய் செய்த இரண்டு நிமிடம் தளம் முழுக்க எரர், பிறகு தானாகச் சரியாகிவிட்டது. என்ன நடந்திருக்கும்?
- ஒரு வாசகி

ப: தானாகச் சரியான எதையும் நம்பாதவள் நான். ஆனால் இதற்குக் காரணம் எளிது. டெப்ளாய் ஒரே நொடியில் முடிவதில்லை. புது கோட் ஒவ்வொரு சர்வராக ஏறிக்கொண்டிருக்கும்போது மற்றவற்றில் பழைய கோட் ஓடிக்கொண்டுதான் இருக்கும். டேட்டாபேஸ் மட்டும் இருவருக்கும் ஒன்று. பழைய கோட் ‘ஃபோன்’ எங்கே என்று தேடித் தடுமாறிய நேரம்தான் அந்த இரண்டு நிமிடம்.

பெயரை மாற்றாதீர்கள், புதுப் புலம் சேருங்கள். அடுத்த டெப்ளாயில் கோட் இரண்டிலும் எழுதட்டும், படிப்பது பழையதிலிருந்தே இருக்கட்டும். பிறகு பழைய வரிகளை ஆயிரம் ஆயிரமாகப் புதுப் புலத்துக்கு நிரப்புங்கள். அதற்கடுத்த டெப்ளாயில் புதியதிலிருந்து படியுங்கள். ஒரு வாரம் நிம்மதியாகப் போனால் பழையதில் எழுதுவதை நிறுத்துங்கள். கடைசியில்தான் அதை நீக்குவது. ஒரு வரி வேலை ஆறு படி ஆகிறதே என்று அலுத்துக்கொள்வீர்கள். நானும் அலுத்துக்கொள்கிறேன். ஆனால் எந்தப் படியில் நின்றாலும் தளம் ஓடும், ஒரு படி பின்னால் போகவும் முடியும்.

புலம் சேர்ப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. டேபிளின் அமைப்பை மாற்ற போஸ்ட்கிரெஸுக்கு அந்த டேபிள் முழுவதன் பூட்டு வேண்டும். பூட்டு கிடைத்தால் வேலை கண் சிமிட்டும் நேரம்தான். கிடைக்க வேண்டுமே! யாரோ ஒருவர் நீளமான ரிப்போர்ட் ஓடவிட்டிருந்தால் நம் கட்டளை அதன் பின்னால் வரிசையில் நிற்கும். அது பரவாயில்லை. நமக்குப் பின்னால் வருகிற சாதாரணக் குவெரிகளும் (டேட்டா கேட்கும் கட்டளைகளும்) நம்மைத் தாண்டிப் போகாமல் அதே வரிசையில் நிற்கும் என்பதுதான் வினை. வெறும் புலம் சேர்த்து ஒரு தளத்தை ஆறு நிமிடம் படுக்க வைத்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: மைக்ரேஷனின், அதாவது டேபிளை மாற்றும் கட்டளைகளின், முதல் வரியிலேயே பூட்டுக்காகக் காத்திருக்கும் நேரத்தை இரண்டு நொடி என்று கட்டுப்படுத்துங்கள். கிடைக்கவில்லையா, விட்டுவிட்டு அப்புறம் முயலட்டும்.

பழையதும் புதியதும் சேர்ந்து ஓடினால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நைட் கேப்பிடல் என்ற பங்கு வர்த்தக நிறுவனம் சாட்சி. 2012 ஆகஸ்ட் 1 அன்று எட்டு சர்வர்களில் ஏழில்தான் புது கோட் ஏறியிருந்தது. முன்பு வேறு வேலைக்கு வைத்திருந்த ஒரு கொடியை, அதாவது ஆன்–ஆஃப் குறியை, புது வேலைக்கு மறுபடி பயன்படுத்தியிருந்தார்கள். எட்டாவது சர்வர் அதைப் பார்த்ததும், பல வருடமாகத் தூங்கிக் கிடந்த பழைய கோடை எழுப்பிவிட்டது. சுமார் 45 நிமிடம். நஷ்டம் 40 கோடி டாலருக்கு மேல்.

கே: ஏடபிள்யூஎஸ், அஷூர், கூகுள் கிளவுட் – இந்த வாடகை சர்வர் சேவைகளில் எதைக் கற்றால் நல்லது?
- மூன்றாம் ஆண்டு மாணவி

ப: எது இலவசமாகப் பழகக் கிடைக்கிறதோ அது. ஒன்றில் பழகினால் மற்றதற்கு மாறச் சில வாரங்கள் போதும், பெயர்கள்தான் வேறு. அதைவிட டேட்டாபேஸிடம் பேசும் எஸ்க்யூஎல், எச்டிடிபி, லினக்ஸ் கட்டளைகள், லாக் படிப்பது, இவற்றில் கை பழகட்டும். குறிப்பாக லாக். வேலைக்கு வருபவர்களில் எரர் செய்தியை முழுசாகப் படித்து முடிப்பவர்கள் அபூர்வம்.

கே: தினமும் இரவு டேட்டாபேஸ் பேக்கப் எடுக்கிறோம். கூடவே ஒரு பிரதி சர்வரும் ஓடுகிறது. இதற்கு மேல் பயப்பட வேண்டுமா?
- சிறு நிறுவனம் நடத்துபவர்

ப: கடைசியாக எப்போது அந்தப் பேக்கப்பிலிருந்து மீட்டுப் பார்த்தீர்கள்? உங்கள் கடிதத்தில் அது இல்லை.

பிரதி சர்வர் பேக்கப் ஆகாது. நீங்கள் தவறுதலாக ஒரு டேபிளை அழித்தால், விசுவாசமான பிரதி அடுத்த நொடியே அதையும் அழித்துவிடும். மெஷின் செத்தால் கைகொடுக்கும். மனிதர் தப்பு செய்தால் கூடச் சேர்ந்து செய்யும்.

2017 ஜனவரி 31 அன்று, கோடைச் சேமித்துப் பகிரும் தளம் நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் நடந்ததை நான் புதிதாகச் சேரும் எல்லோருக்கும் சொல்வேன். சோர்ந்திருந்த ஒரு பொறியாளர், பிரதி சர்வரில் இருப்பதாக நினைத்துக்கொண்டு முதன்மை சர்வரின் டேட்டாவை அழித்துவிட்டார். போனது சுமார் 300 ஜிபி. பேக்கப்பும் பிரதியுமாக ஐந்து வழி இருந்தும் அவசரத்துக்கு எதுவும் சரியாகக் கைகொடுக்கவில்லை. டம்ப், அதாவது டேட்டா முழுவதையும் கொட்டிவைக்கும் நகல், எடுக்கும் கருவியின் பதிப்பு டேட்டாபேஸின் பதிப்போடு பொருந்தாமல் தோற்றுக்கொண்டிருந்தது; தோற்றதைச் சொல்ல வேண்டிய மின்னஞ்சல்கள் வந்து சேரவேயில்லை. கடைசியில் காப்பாற்றியது, ஆறு மணி நேரம் முன்பு வேறொரு வேலைக்காகக் கையால் எடுத்துவைத்த ஸ்னாப்ஷாட் (டிஸ்க்கின் அந்த நேரத்து நகல்). நடந்தது எதையும் மறைக்காமல் அவர்களே எழுதி வெளியிட்டதால்தான் நமக்கு இவ்வளவும் தெரிகிறது. அந்த நேர்மைக்கு ஒரு வணக்கம்.

எங்கள் கதை இவ்வளவு பெரிதில்லை. ஒருமுறை ஒத்திகையாக, காலி மெஷின் ஒன்றில் முழுசாக மீட்டுப் பார்த்தோம். எல்லா வரியும் வந்தது. எண்ணிக்கை சரி. எல்லோரும் கை குலுக்கிக்கொண்டோம். அப்புறம் ஒருவர் லாகின் செய்து ஒரு வாடிக்கையாளரின் பக்கத்தைத் திறந்தார். முகவரி இருக்க வேண்டிய இடத்தில் குப்பை எழுத்துகள். முகவரிகளை மறையாக்கம் செய்த சாவி பேக்கப்பில் இல்லை. அது முதன்மை சர்வரில் ஒரே ஒரு ஃபைலில் மட்டும் இருந்தது. அந்தச் சர்வர் நிஜமாகவே செத்திருந்தால், எங்களிடம் மிகப் பத்திரமான, யாராலும் படிக்க முடியாத பேக்கப் ஒன்று இருந்திருக்கும்.

ஆகவே மாதம் ஒருமுறை காலி மெஷினில் மீட்டு, ஆப்பை ஓடவிட்டு, ஒருவர் உள்ளே போய் நாலு பக்கம் பார்க்கட்டும். எத்தனை மணி நேரம் ஆகிறது என்றும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு பிரதியாவது வேறு கிளவுட் கணக்கில் இருக்கட்டும். முதல் கணக்கின் பாஸ்வேர்ட் தொலைந்தால் இரண்டும் சேர்ந்து போகக் கூடாது.

கே: எங்கள் ஆப்பில் பெயர்களைத் தமிழில் பதிவு செய்யலாம். ‘கோமதி’ என்று தேடினால் சில கோமதிகள் வருகிறார்கள், சிலர் வருவதில்லை. கண்ணுக்கு எல்லாம் ஒன்றுதான். பேய் வேலையா?
- ஒரு வாசகர்

ப: எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடின் வேலை. ‘கோ’வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ‘க’வோடு ஓகாரக் குறி ஒன்றைச் சேர்த்து இரண்டு குறியீடாக, அல்லது ‘க’, இரட்டைக் கொம்பு, கால் என்று மூன்று குறியீடாக. திரையில் துளி வித்தியாசம் தெரியாது. கீபோர்டுக்குக் கீபோர்டு மாறும். டேட்டாபேஸ் பொதுவாக உள்ளே இருக்கும் குறியீட்டைத்தான் ஒப்பிடும், அதற்கு இருவரும் வேறு வேறு கோமதி. சேமிக்கும்போதும் தேடும்போதும் என்எஃப்சி என்ற நார்மலைசேஷனை, அதாவது ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருவதை, செய்துவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும்; பெரும்பாலான புரோகிராமிங் மொழிகளில் இதற்கு ஃபங்ஷன் தயாராக இருக்கிறது. ‘கௌ’வுக்குப் பதில் கொம்பு போட்டு ளகரத்தை எழுதி ‘கெள’ என்று அடித்திருப்பவர்களை மட்டும் என்எஃப்சி காப்பாற்றாது. அது வேறு எழுத்தேதான். தேடலுக்கு என்று தனிப் புலம் வைத்து நீங்களே மாற்றிக்கொள்ள வேண்டும்.

நீளத்தையும் பாருங்கள். ‘பெயர்’ நமக்கு மூன்றெழுத்து. யூனிகோடுக்கு ஐந்து. யுடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையில் 15 பைட். எந்தக் கணக்கில் வெட்டுகிறீர்கள் என்று தெரியாமல் வெட்டினால் கடைசிப் புள்ளி உதிர்ந்து ‘ராமன்’ ‘ராமன’ ஆகிவிடுவார். பழைய மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் என்றால் இன்னொரு வேடிக்கை: அதில் யுடிஎஃப்8 என்று பெயர் சூட்டியிருந்தது மூன்று பைட் வரைதான் கொள்ளும். தமிழ் சரியாக மூன்று பைட்டில் அடங்கிவிடும் என்பதால் டெஸ்ட் எல்லாம் பாஸாகும். யாராவது பெயருக்குப் பக்கத்தில் ஒரு ஸ்மைலி போடும்வரை. நான்கு பைட்டையும் கொள்ளும் யுடிஎஃப்8எம்பி4க்கு மாறிக்கொள்ளுங்கள்.

கே: எங்கள் கிளவுட் கணக்கைத் திறக்கும் ரகசியக் கீயைத் தவறுதலாகப் பொதுவில் இருக்கும் கிட்ஹப் ரெப்போவில் (கோட் வைக்கும் இணையக் கிடங்கில்) போட்டுவிட்டேன். பார்த்ததும் அழித்து இன்னொரு கமிட் போட்டுவிட்டேன். போதும்தானே?
- பதற்றத்தில் இருப்பவர்

ப: போதாது. பழைய கமிட்டில், அதாவது கோடின் முந்தைய பதிவில், அது அப்படியே இருக்கிறது. கோடின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டின் வேலையே எதையும் மறக்காமல் இருப்பதுதான். இப்படிப்பட்ட கீகளைத் தேடிக்கொண்டே அலைய தானியங்கிகள் இருக்கின்றன. கீயை உடனே ரத்து செய்து புதிது வாங்குங்கள், பிறகு அந்தக் கீயால் ஏதாவது மெஷின் கிளம்பியிருக்கிறதா என்று கிளவுடின் எல்லா ரீஜியனிலும் (ஊர்வாரிப் பிரிவுகளிலும்) பாருங்கள். இதழ் அச்சாகும்வரை காத்திருக்கக் கூடாத விஷயம் என்பதால் உங்களுக்கு அன்றைக்கே தனியாகவும் எழுதிவிட்டேன்.

கே: எங்கள் பயனர்கள் கூடவில்லை, கிளவுட் பில் மட்டும் கூடுகிறது. எங்கே தேடுவது?
- நிதிப் பிரிவிலிருந்து ஒருவர்

ப: நீங்கள் கேட்டிருக்கிறீர்கள், டெவலப்பர் கேட்கவில்லை; பதிலில் பாதி அதிலேயே இருக்கிறது. நான் பார்த்த வரிசையில் சொல்கிறேன். சோதனைக்காகக் கிளப்பி மறந்துபோன மெஷின்கள். மெஷினை அழித்த பிறகும் அழியாமல் தங்கிய டிஸ்க்குகளும் ஸ்னாப்ஷாட்டுகளும். யாரோ ஒரு பக் தேடும்போது எல்லாவற்றையும் விரிவாக எழுதும் டிபக் லாகைத் திறந்துவிட்டு மூடாமல் போனது. கிளவுடுக்கு வெளியே போகும் டேட்டாவுக்கான கட்டணம். யாருடையது என்று டேக் போடாத எதையும் கிளப்ப விடாதீர்கள். பட்ஜெட் அலர்ட் வைத்திருக்கிறோம் என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லது, ஆனால் அது பொதுவாக மணி அடிக்கும், கதவை மூடாது.

கே: நடுராத்திரி அலர்ட் அடித்தால் நீங்கள் முதலில் என்ன செய்வீர்கள்?
- முதல்முறை ஆன்கால் (எந்நேரமும் அழைப்புக்குத் தயாராக இருக்கும் பணி) பார்க்கப் போகிறவர்

ப: கடைசியாக என்ன மாறியது என்று பார்ப்பேன். மாலையில் ஏதாவது டெப்ளாய் ஆகியிருந்தால், காரணம் புரிகிறதோ இல்லையோ, முதலில் அதைப் பின்வாங்குவேன். காரணத்தைக் காலையில் தேடலாம். பயனர் காலைவரை காத்திருக்க மாட்டார். இந்த ஒழுங்கை எனக்குக் கற்றுக்கொடுத்தது என் முதல் ஆன்கால் வாரம். இரண்டு மணிக்கு எழுந்து, கோடைப் படித்து, பிரச்சினையைக் கண்டுபிடித்து, அங்கேயே திருத்தி, டெஸ்ட் ஓட்டாமல் ஏற்றினேன். பெருமையாகப் படுத்தேன். மூன்று மணிக்கு இன்னொரு அலர்ட், இந்த முறை என் திருத்தத்துக்காக.

செய்வதையெல்லாம் நேரத்தோடு ஒரு சாட்டில் எழுதிக்கொண்டே போங்கள், படிப்பதற்கு ஆள் இல்லாவிட்டாலும். எந்தக் கட்டளையையும் அடிப்பதற்கு முன் எந்த மெஷினில் இருக்கிறேன் என்று பார்த்துக்கொள்ளுங்கள்; எங்கள் இடத்தில் முதன்மை டேட்டாபேஸ் டெர்மினலின் பின்னணியைச் சிவப்பாக வைத்திருக்கிறோம். இருபது நிமிடத்தில் பிடி கிடைக்கவில்லை என்றால் இன்னொருவரை எழுப்பிவிடுங்கள். அவர் திட்ட மாட்டார். திட்டினால் என் பெயரைச் சொல்லுங்கள். எழுந்து பார்த்து, செய்ய எதுவுமே இல்லாமல் திரும்பப் படுக்க நேர்ந்த அலர்ட்டா? மறுநாள் முதல் வேலையாக அதை நீக்குங்கள். நாங்கள் போன மாதம் அப்படிப் பதினொன்றை நீக்கினோம். இதுவரை யாரும் தேடவில்லை.